சுவருக்கு அப்பால் தெரியுமா?

1. லயத்தில் எழுந்த கேள்வி

மூணாறு மலையில் ஒரு தேயிலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு லயம். பத்து வீடுகள் ஒரே வரிசையாக இருக்கின்றன. வீடுகளுக்குப் பின்னால் தேயிலைக்காடு. அதற்கும் பின்னால் பெருங்காடு.

நேற்று இரவு யானை வந்துவிட்டது. கடைசி வீட்டின் சமையலறைச் சுவரை இடித்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

மறுநாள் மாலை. பெண்கள் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். வனத்துறை வாட்சர் அங்கே வந்தார்.

"நாளை ராத்திரி டிரோன் கொண்டு வர்றோம்" என்றார். "அது சின்னப் பறக்கும் கருவி. அதில வெப்பக் கேமரா இருக்கு. இருட்டிலயும் யானையைக் காட்டும்."

ஒரு பெண் உடனே எழுந்தார்.

"வேண்டாம் தம்பி. அந்தக் கேமரா சுவரைத் தாண்டிப் பார்க்குமாம். நாங்க தூங்குறது, துணி மாத்துறது, குளிக்கிறது எல்லாம் தெரியுமாம். இங்க வயசுப் பிள்ளைங்க இருக்காங்க."

திண்ணையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் வேறு மாதிரி பேசினார்.

"சுவரைத் தாண்டிப் பார்த்தா நல்லதுதானே, அம்மா? வீட்டுக்குப் பின்னாடி யானை நின்னாலும் அது சொல்லிடும். இனிமே டார்ச்சு அடிச்சுப் பார்க்க வேண்டாம். கதவைத் திறந்துட்டு நேராப் போகலாம்."

அந்தப் பெண் பயந்தார். பெரியவர் நம்பினார். இருவர் மனதிலும் இருந்த எண்ணம் ஒன்றுதான். வெப்பக் கேமரா சுவரைத் தாண்டிப் பார்க்கும் என்பதே அந்த எண்ணம்.

அது சரியா? தெரிந்துகொள்வது நல்லது. தவறான பயம், உதவியைத் தடுத்துவிடும். தவறான நம்பிக்கை, உயிரையே வாங்கிவிடும்.

2. கண்ணுக்குத் தெரியாத ஒளி

அடுப்பில் விறகு எரிகிறது. அதன் எதிரே உட்காருங்கள். முகத்தில் சூடு படும். நீங்கள் அடுப்பைத் தொடவில்லை. ஆனாலும் சூடு வந்து சேர்கிறது.

எப்படி வருகிறது? அடுப்பிலிருந்து வெப்பக் கதிர்கள் புறப்படுகின்றன. அவை நேராக வந்து முகத்தில் படுகின்றன. அவையும் ஒருவகை ஒளிதான். ஆனால் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். அவர் இங்கிலாந்தில் வாழ்ந்த வானியல் அறிஞர். ஆண்டு 1800. அவர் சூரிய ஒளியை ஒரு முப்பட்டைக் கண்ணாடி வழியாக விட்டார். ஒளி வானவில் போலப் பிரிந்தது. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்திலும் ஒன்றை வைத்தார். அங்கே வெப்பம் இன்னும் கூடுதலாக இருந்தது!

சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் இருப்பது அப்போது தெரிந்தது. இன்று அதை அகச்சிவப்புக் கதிர் என்கிறோம்.

அடுப்பு மட்டுமல்ல. எல்லாப் பொருளும் இந்தக் கதிரை வெளிவிடுகிறது. சூடான பொருள் அதிகமாக விடும். குளிர்ந்த பொருள் குறைவாக விடும். மனித உடலும் விடுகிறது. யானையின் உடலும் விடுகிறது.

3. வாளையாரில் நெற்றிக்கு நேரே

2020ஆம் ஆண்டு. கொரோனா காலம். வாளையார் சோதனைச் சாவடியை நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்வோர் அங்கே நிறுத்தப்பட்டார்கள். நெற்றிக்கு நேரே துப்பாக்கி போன்ற ஒரு கருவியை நீட்டினார்கள். உடம்பில் படாமலேயே அது காய்ச்சலைச் சொன்னது.

அது குண்டு போடும் கருவி அல்ல. கதிரை உடம்புக்குள் செலுத்தும் கருவியும் அல்ல. நெற்றியிலிருந்து வரும் வெப்பக் கதிரை அது வாங்கிக்கொண்டது. அதை அளந்து எண்ணாகக் காட்டியது. அவ்வளவுதான்.

நெற்றியில் வியர்வை இருந்தால் அளவு மாறும். தலைத்துண்டு நெற்றியை மூடியிருந்தால் துண்டின் சூட்டைத்தான் அது காட்டும். அந்தக் கருவிக்கு மேல் தோல்தான் தெரியும். தோலுக்கு உள்ளே தெரியாது.

வெப்பக் கேமராவும் இதே வேலையைத்தான் செய்கிறது. நெற்றிக் கருவி ஓர் இடத்தை அளக்கும். வெப்பக் கேமரா ஒரே நேரத்தில் பல ஆயிரம் இடங்களை அளக்கும். அந்த அளவுகளை எல்லாம் சேர்த்து ஒரு படமாகக் காட்டும்.

அந்தப் படத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறங்கள் இருக்கும். அவை உண்மையான நிறங்கள் அல்ல. சூட்டின் வேறுபாடு நமக்குப் புரிவதற்காகக் கருவி பூசும் நிறங்கள். சில கேமராக்களில் சூடான இடம் வெள்ளையாகத் தெரியும். குளிர்ந்த இடம் கறுப்பாகத் தெரியும்.

4. சுவர் என்ன செய்கிறது?

இப்போது சுவருக்கு வருவோம்.

சமையலறைச் சுவரை ஒட்டி அடுப்பு இருக்கிறது. காலையில் அடுப்பைப் பற்றவைத்த உடனே வெளியே போங்கள். சுவரின் மறுபக்கத்தில் கை வையுங்கள். குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அடுப்பின் கதிர் சுவரில் பட்டு அங்கேயே நின்றுவிட்டது.

சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் முடிந்தபின் மறுபடி கை வையுங்கள். மண் சுவரானாலும் செங்கல் சுவரானாலும் மெல்ல மெல்லச் சூடு ஏறியிருக்கலாம். ஓர் இடம் லேசாக வெதுவெதுப்பாக இருக்கும்.

அந்த நேரத்தில் வெப்பக் கேமராவை வெளியே வைத்தால் என்ன தெரியும்? சுவரில் வெதுவெதுப்பான ஒரு திட்டு தெரியும். அடுப்பு தெரியாது. பானை தெரியாது. சமைக்கும் ஆளும் தெரியாது.

வெப்பக் கேமரா சுவரைத் தாண்டிப் பார்ப்பதில்லை. சுவரின் மேற்பரப்பைத்தான் பார்க்கிறது.

சினிமாவில் வேறு மாதிரி காட்டுவார்கள். வீட்டுக்குள் நடக்கும் ஆட்கள் சிவப்பு உருவங்களாகச் சுவர் வழியே தெரிவார்கள். அது படத்துக்காகச் செய்த வித்தை.

5. கண்ணாடியும் பாலித்தீனும்

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. இரண்டும் வியப்பானவை.

முதல் செய்தி கண்ணாடி. சன்னல் கண்ணாடி வழியே நம் கண்ணுக்கு எல்லாம் தெரியும். ஆனால் வெப்பக் கேமராவுக்குத் தெரியாது. உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். மூடிய கண்ணாடிச் சன்னலும் அதற்கு ஒரு சுவர்தான்.

இரண்டாவது செய்தி பாலித்தீன் தாள். கறுப்புப் பாலித்தீன் வழியே நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தாள் மெல்லியதாக இருந்தால் வெப்பக் கதிர் அதன் வழியே போய்விடும். பின்னால் நிற்கும் ஆளின் உருவம் வெப்பக் கேமராவில் தெரியும்.

மெல்லிய துணியும் கவனிக்க வேண்டியதுதான். துணி உடம்பில் ஒட்டினால் அந்த இடம் சூடாகும். அந்தச் சூடு உடம்பின் வடிவத்தைக் காட்டும்.

எனவே, நம் கண்ணுக்கு மறைவு என்றால் கேமராவுக்கும் மறைவு என்று சொல்ல முடியாது. நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கேமராவுக்குத் தெரியும் என்றும் சொல்ல முடியாது. கல், மண், செங்கல், சிமெண்ட் ஆகியவை நல்ல மறைவு. மெல்லிய பாலித்தீன் நல்ல மறைவு அல்ல.

6. ஏலக்காட்டில் ஒரு வெப்பக் கண்

மனிதன் வெப்பக் கேமராவைச் செய்வதற்கு வெகுகாலம் முன்பே இயற்கை அதைச் செய்துவிட்டது.

இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் வேலை செய்வோருக்குக் குழிவிரியன் பாம்பைத் தெரியும். செடியோடு செடியாகப் பச்சை நிறத்தில் கிடப்பதும் உண்டு. அதன் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சிறிய குழி இருக்கிறது. இரண்டு பக்கமும் உண்டு. அந்தக் குழி வெப்பத்தை உணரும். கும்மிருட்டிலும் எலி இருக்கும் திசையைப் பாம்பு அறிந்துகொள்ளும்.

ஆனால் எலி ஒரு பாறைக்குப் பின்னால் போய்விட்டால்? குழி உதவாது. எலியின் வெப்பக் கதிரைப் பாறை தடுத்துவிடும். பாம்பு நாக்கை நீட்டி வாசனை பிடித்துத்தான் தேட வேண்டும்.

பாம்பின் குழிக்கு உள்ள எல்லைதான் கேமராவுக்கும் உள்ளது.

7. ரயில் பாதையில் யானைகள்

அப்படியானால் வெப்பக் கேமராவால் என்ன பயன்? பெரிய பயன் உண்டு. அதற்கு வாளையாருக்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது.

கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே மதுக்கரை இருக்கிறது. அங்கே காட்டு வழியே ரயில் பாதை செல்கிறது. யானைகள் அந்தப் பாதையைக் கடந்துதான் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் போகின்றன. 2021 நவம்பர் 26 அன்று இரவு நவக்கரை அருகே ஒரு துயரம் நடந்தது. மங்களூரிலிருந்து சென்னை சென்ற ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன.

இதற்குப் பிறகு தமிழ்நாடு வனத்துறை ஒரு திட்டம் தீட்டியது. ரயில் பாதையை ஒட்டி 12 கோபுரங்கள் நட்டார்கள். அவற்றில் வெப்பக் கேமராக்களைப் பொருத்தினார்கள். ஒரு கட்டுப்பாட்டு அறையும் அமைத்தார்கள். திட்டச் செலவு 7 கோடி ரூபாய்க்கு மேல். 2024 பிப்ரவரியில் இது தொடங்கி வைக்கப்பட்டது.

இது எப்படி வேலை செய்கிறது? இரவில் மண்ணும் மரமும் குளிர்ந்துவிடும். யானையின் உடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதனால் கேமராவில் யானை பளிச்சென்று தெரியும். படத்தில் இருப்பது யானைதானா என்று கணினி பார்க்கும். யானை பாதைக்கு அருகே வந்தால் எச்சரிக்கை போகும். ரயில் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். யானை கடந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கேமரா போதவில்லை. பல கோபுரங்கள் வேண்டியிருந்தன. ஏன்? ஒரு மேடு மறைத்தால் அந்தப் பக்கம் தெரியாது. அடர்ந்த புதர் மறைத்தால் அதன் பின்னால் தெரியாது. ஒரு கேமராவுக்கு மறைந்தது இன்னொரு கேமராவுக்குத் தெரிய வேண்டும்.

நடுப்பகலில் இன்னொரு சிக்கல் உண்டு. வெயிலில் பாறையும் மண்ணும் சூடாகிவிடும். அப்போது யானையைப் பிரித்துக் காண்பது கடினம். கனமழையிலும் அடர்ந்த மூடுபனியிலும் கேமராவின் பார்வை குறையும். மூணாறில் மூடுபனிக்குக் குறைவில்லை.

8. அரிசி இருப்பது யானைக்கு எப்படித் தெரிந்தது?

அரிக்கொம்பன் யானையை இடுக்கியில் எல்லோரும் அறிவார்கள். சின்னக்கானல் பகுதியில் அது சுற்றித் திரிந்தது. அரிசி என்றால் அதற்கு உயிர். பன்னியார் எஸ்டேட்டின் ரேஷன் கடையை அது பலமுறை உடைத்தது. 2023 ஏப்ரல் 29 அன்று அதற்கு மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விட்டார்கள். பிறகு அது தமிழ்நாட்டுக் கம்பம் நகருக்குள்ளும் புகுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு வனத்துறை அதைப் பிடித்தது. முண்டந்துறைக் காட்டுப் பகுதியில் கொண்டுபோய் விட்டது.

ரேஷன் கடையின் சுவருக்குள் அரிசி இருப்பது அதற்கு எப்படித் தெரிந்தது? யானை சுவரைத் தாண்டிப் பார்க்கவில்லை. மோப்பம் பிடித்தது. வாசனைக்கு ஒரு சிறு இடுக்குப் போதும். கதவிடுக்கு, ஓட்டிடுக்கு, சன்னல் வழியே வாசனை வெளியே வந்துவிடும்.

சுவர் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. வெப்பக் கதிரைத் தடுக்கும். வாசனை இடுக்கு வழியே வரும். சத்தமும் கொஞ்சம் வரும். செல்போன் அலை சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே வரும். எது போகும், எது போகாது என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

9. மண்ணுக்கு அடியில்

2020 ஆகஸ்ட் 6 இரவு. ராஜமலைக்கு அருகே பெட்டிமுடி. பெருமழையில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்கு அடியில் போயின. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். மின்சாரமும் தொலைபேசியும் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி தெரிந்தது. மண் அள்ளும் எந்திரங்களை வைத்துத் தேடினார்கள். மோப்ப நாய்களை விட்டுத் தேடினார்கள். பல நாட்கள் தேடினார்கள்.

"வெப்பக் கேமரா இருந்திருந்தால் உள்ளே இருப்பவர்களைக் காட்டியிருக்குமே!" என்று மனம் கேட்கும். நியாயமான கேள்விதான். ஆனால் மண்ணும் சுவர்தான். அதுவும் நனைந்த, கனத்த சுவர். அதன் அடியில் இருக்கும் உடலின் வெப்பத்தை மேலே இருக்கும் கேமராவால் காண முடியாது. வெளியே கிடப்பவரை, மரத்தில் தொங்கிக்கொண்டிருப்பவரை, கூரைமேல் ஏறி நிற்பவரை அது காட்டும். புதைந்தவரைக் காட்டாது.

இதற்கு வேறு கருவி உண்டு. அதன் பெயர் ராடார். அது வெப்பத்தைப் பார்ப்பதில்லை. ரேடியோ அலையை அனுப்பும். அலை எதிலாவது பட்டுத் திரும்பி வரும். அதை வைத்து அசைவைக் கண்டுபிடிக்கும். சுவருக்கு அப்பால் ஒருவர் மூச்சுவிடும் அசைவைக்கூடச் சில ராடார் கருவிகள் கண்டுபிடிக்கும். ஆனால் அது முகத்தைக் காட்டாது. இரும்புத் தகடு குறுக்கே இருந்தால் அலை உள்ளே போகாது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் நிலச்சரிவில் அழிந்தன. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று முண்டக்கையில் ராடார் வைத்துத் தேடினார்கள். இடிபாட்டுக்குள் மூச்சு போன்ற ஓர் அசைவு இருப்பதாகக் கருவி காட்டியது. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. மணிக்கணக்காகத் தேடினார்கள். ஆனால் உயிரோடு ஒருவரும் கிடைக்கவில்லை.

 கருவி அசைவு என்று மட்டும்தான் சொல்லும். யாருடைய அசைவு என்று சொல்லாது. அதை மனிதர்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

மலைச்சரிவில் உயிரைக் காக்கும் முதல் வழி, சரிவதற்கு முன்பே வெளியேறுவதுதான். தொடர்ந்து பெருமழை பெய்கிறது. ஓடைத் தண்ணீர் திடீரென்று சேறாக வருகிறது. தரையிலோ சுவரிலோ புதிய விரிசல் தெரிகிறது. இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டில் தங்கக் கூடாது. அண்டை வீட்டாரையும் எழுப்பிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும்.

10. வீட்டுக்குள் எட்டிப் பார்க்கலாமா?

லயத்துப் பெண்ணின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. கேமரா சுவரைத் தாண்டிப் பார்க்காது. அப்படியானால் அவர் பயந்தது வீணா?

முழுவதும் வீண் அல்ல.

சுவரும் கூரையும் உள்ள அறைக்குள் கேமரா பார்க்காது. ஆனால் கூரை இல்லாத குளியல் மறைப்பு இருக்கிறதே! நான்கு கம்பு நட்டு, சுற்றிலும் பாலித்தீன் கட்டியிருப்பார்கள். மேலே திறந்திருக்கும். டிரோன் மேலே பறக்கும். அது நேரே கீழே பார்க்கும். அங்கே குளிப்பவரின் வெப்ப உருவம் தெரியும். முகம் தெளிவாகத் தெரியாது. ஆனாலும் மானம் மானம்தான். திறந்த சன்னல் வழியாகவும் திறந்த கதவு வழியாகவும்கூட இப்படித் தெரியலாம்.

இந்தக் கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போயிற்று. 1992ஆம் ஆண்டு ஆரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டைப் போலீசார் தெருவில் இருந்தபடியே வெப்பக் கேமராவால் பார்த்தார்கள். அந்தக் கேமரா உள்ளே இருந்ததைக் காட்டவில்லை. கூரையின் ஒரு பகுதியும் ஒரு சுவரும் மற்ற இடங்களைவிடச் சூடாக இருப்பதை மட்டும் காட்டியது. வீட்டுக்குள் பெரிய விளக்குகளை எரியவிட்டு ஒருவர் கஞ்சா வளர்த்துவந்தார். விளக்குகளின் சூடு கூரைக்கும் சுவருக்கும் ஏறியிருந்தது.

அவர் செய்தது குற்றம்தான். ஆனால் போலீசார் செய்தது சரியா? 2001ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதியின் உத்தரவு இல்லாமல் இப்படி வீட்டைச் சோதிக்கக் கூடாது என்றது. சுவரின் சூட்டைப் பார்ப்பதுகூட வீட்டைச் சோதிப்பதுதான் என்றது.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரு தீர்ப்பு வழங்கினார்கள். அந்தரங்கம் என்பது ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்பதே அந்தத் தீர்ப்பு. பெரிய பங்களாவில் இருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு. லயத்தில் இருப்பவருக்கும் உண்டு.

11. லயத்தார் எழுதிய மனு

வாட்சர் இவற்றை எல்லாம் பொறுமையாக விளக்கினார். கையில் கொண்டுவந்த சிறிய வெப்பக் கேமராவையும் காட்டினார்.

ஒரு சிறுவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கேமராவில் அவன் தெரியவில்லை. சுவர் மட்டும் தெரிந்தது. பிறகு அவன் வெளியே வந்து கறுப்புப் பாலித்தீன் தாளுக்குப் பின்னால் நின்றான். அவன் உருவம் தெரிந்தது!

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வீட்டுக்குள்ள தெரியாது. அது நிம்மதிதான், தம்பி" என்றார் முதலில் பேசிய பெண். "ஆனா குளிக்கிற மறைப்பு தெரியுமே. அதுக்கு என்ன பண்றது?"

"எழுதிக் கொடுங்க, அக்கா" என்றார் வாட்சர். "நான் ரேஞ்ச் ஆபீசர்கிட்ட சேர்க்கிறேன்."

பெண்கள் கூடி உட்கார்ந்தார்கள். ஒருவர் சொன்னார். ஒருவர் எழுதினார். எழுதியவர் எழுத்துக் கற்று ஓராண்டுதான் ஆகிறது. மனு இதுதான்:

வனச்சரக அலுவலர் அவர்களுக்கு,
லயத்தில் குடியிருப்போர் எழுதும் மனு.
ஐயா, யானை வருவதைப் பார்க்க டிரோன் வருவதில் எங்களுக்குச் சம்மதம். எங்கள் கோரிக்கைகள்:
1. டிரோன் பறக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.
2. வீடுகளுக்கும் குளிக்கும் இடங்களுக்கும் மேலே பறக்கக் கூடாது. காட்டின் ஓரமாகப் பறக்க வேண்டும்.
3. அந்தப் படங்களை யானைக்காக மட்டும் பயன்படுத்த வேண்டும். வேறு யாருக்கும் காட்டக் கூடாது.
4. யானை வந்தால் உடனே எங்களுக்குப் போன் செய்ய வேண்டும்.
இப்படிக்கு,
லயத்தார்.

கீழே பத்து வீட்டாரும் கையெழுத்திட்டார்கள். கைநாட்டு ஒன்றுகூட இல்லை.

திண்ணையில் இருந்த பெரியவர் வாட்சரைக் கேட்டார். "அப்போ வீட்டுக்குப் பின்னாடி யானை நின்னா உங்க கேமராவுக்குத் தெரியாதா?"

"முன்பக்கம் இருந்து பார்த்தா தெரியாது, ஐயா. வீடு மறைச்சிடும். டிரோன் அந்தப் பக்கம் போனாத்தான் தெரியும். டிரோன் எப்பவும் பறக்காது. பேட்டரி தீர்ந்துட்டா இறங்கிடும்."

"அப்போ டார்ச்சு வேணும்."

"கட்டாயம் வேணும். சன்னல் வழியா டார்ச்சு அடிச்சுப் பாருங்க. காது கொடுத்துக் கேளுங்க. அதுக்கப்புறம் கதவைத் திறங்க. ராத்திரியில தனியா வெளியே போகாதீங்க."

பெரியவர் எழுந்து உள்ளே போனார். பரண்மேல் கிடந்த டார்ச்சை எடுத்தார். புதுக் கட்டை போட்டு, ஒருமுறை எரியவிட்டுப் பார்த்தார்.

நினைவில் கொள்ளுங்கள்

● வெப்பக் கேமரா பொருளின் மேற்பரப்புச் சூட்டை மட்டும் பார்க்கும்.
● மண், கல், செங்கல், சிமெண்ட் சுவர்களுக்கு அப்பால் அது பார்க்காது.
● மூடிய கண்ணாடிச் சன்னலுக்கு அப்பாலும் பார்க்காது.
● மெல்லிய பாலித்தீன் தாளுக்கு அப்பால் அதற்குத் தெரியும்.
● கூரை இல்லாத மறைப்பை மேலிருந்து பார்க்க முடியும்.
● கேமரா வந்துவிட்டது என்று காவலைக் கைவிடக் கூடாது.

செய்து பாருங்கள்

எரியும் அடுப்புக்கு எதிரே, சூடு லேசாகப் படும் தூரத்தில் உட்காருங்கள். முகத்துக்கு முன்னால் ஒரு முறத்தைப் பிடியுங்கள். சூடு என்ன ஆகிறது? முறத்தை எடுத்தால் என்ன ஆகிறது? முறத்தை அடுப்புக்கு அருகே கொண்டுபோக வேண்டாம்.

பதில் சொல்லுங்கள்

1. வாளையாரில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி எதை அளந்தது?
2. குழிவிரியனின் குழி எங்கே இருக்கிறது? அது எதற்குப் பயன்படுகிறது?
3. மதுக்கரையில் ஏன் பல கோபுரங்கள் வேண்டியிருந்தன?
4. புதைந்தவர்களை வெப்பக் கேமரா ஏன் காட்டாது?
5. லயத்துப் பெண்ணின் பயத்தில் எது தவறு? எது சரி?

எழுதுங்கள்

உங்கள் ஊரிலும் ஒரு குறை இருக்கலாம். தெருவிளக்கு எரியாமல் இருக்கலாம். குளியலறைக்குக் கூரை இல்லாமல் இருக்கலாம். யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே உள்ள மனுவைப் போல நீங்களும் ஒரு மனு எழுதுங்கள். எழுதியதை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். பிறகு கையெழுத்திடுங்கள்.